பொட்டு வைத்ததோடு விட்டீர்களே

அப்பா,

முழுசாக வெல்டு அடிக்க வேண்டாம், முதலில் அளப்போம் என்று நான் சொன்னதற்கு, "நம்ம வீட்டுல முதல் தடவையா ஒருத்தி காலேஜ் போயிட்டா, இனிமே இரும்புக்கும் பாடம் எடுப்பா"ன்னு நேற்று சிரித்தீர்களே, அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் பிடிகளை முழுசாக வெல்டு அடித்திருப்பீர்கள் என்று பயந்துகொண்டேதான் காலையில் கராஜுக்குள் போனேன். பொட்டுப் பொட்டாகத்தான் பற்றவைத்திருக்கிறீர்கள். அப்பாடா என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அறுத்து எடுத்துவிடலாம்.

வண்டியின் அடிச்சட்டத்தைத் தரைக்கு மட்டமாக வைத்து அளந்தீர்கள். ஆனால் நாம் கட்டுகிற இந்த வண்டி மூக்கைத் தாழ்த்திக்கொண்டுதானே ஓடப்போகிறது? வண்டி நேராக ஓடுவதற்காக முன்சக்கரத்துக்கு நீங்கள் கொடுத்த பின்சாய்வை அந்தத் தாழ்வு தின்றுவிடும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது. பக்கத்து சீட்டில் அம்மா இருப்பாள்.

ஓடும்போது இருக்கும் அதே சாய்வு வர, சட்டத்தின் பின்பக்கத்தைக் கட்டை கொடுத்துத் தூக்கியிருக்கிறேன். தொடாதீர்கள். சாயங்காலம் வந்ததும் சேர்ந்து அளப்போம்.

அடுப்பில் கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பு இருக்கிறது. சூடுபண்ணிச் சாப்பிடுங்கள். கராஜ் சாவி என்னிடம். உங்கள்மேல் நம்பிக்கை இல்லாமல்தான்.

டார்லீன்

பி.கு.: வெல்டிங் காஸ் தீர்ந்துபோய்த்தான் நிறுத்தினீர்களோ என்று பார்த்தேன். சிலிண்டரில் பாதிக்கு மேல் இருக்கிறது. அப்படியென்றால் நான் சொன்னதைக் கேட்டுத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். அதை வாய் திறந்து சொன்னால் என்ன?