குன்றின்மேல் ஏழு பேர்

12-2-1973, திங்கள்
வேலை போய் நான்காம் நாள். மருந்து பாட்டில் கம்பெனியில் நாங்கள் பேக்கிங். ஏழு மாதக் கர்ப்பிணி முத்தம்மா கால் வீங்கிக் கொஞ்சம் உட்கார்ந்தாள். வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள். அதைக் கேட்டு வேலையை நிறுத்திய எங்கள் ஆறு பேருக்கும் சஸ்பெண்ட். கேட் முன்னால் நிற்கவும் கூடாதாம்.
எங்கள் ஆறு பேரில் கிரேஸ் சொன்னாள்: “கேட்டாண்டதான நிக்கக்கூடாது? குன்னு மேல நடக்கலாமில்ல? முத்தம்மாவ டாக்டரே நடக்கச் சொல்லிக்கீறாரு.”

13-2
கம்பெனிக்குப் பின்னாலுள்ள குன்றில் ஏறினோம். உச்சியில் சமமான வண்டித்தடம். கீழே கம்பெனி முற்றம் முழுக்கத் தெரிகிறது. ஏறும் வழியில் முத்தம்மா இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை.
ஏழு மணிச் சங்கு ஊதும்போது, கம்பெனி நீலப் புடவையோடு வரிசையாக நடந்தோம். உள்ளே போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். சூபர்வைசர் வீரராகவன் அவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

16-2
போலீஸ்காரர் ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். “கூட்டம் போடறீங்களாமே?”
“வாக்கிங் சார்.” முத்தம்மா டாக்டர் சீட்டை நீட்டினாள்.
“இது அவங்களுக்கு. நீங்க ஆறு பேரு இன்னாத்துக்கு?”
“வயித்துப் புள்ளக்காரிய தனியா அனுப்பச் சொல்றீங்களா சார்?” என்றேன்.
சிரிப்பை அடக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

19-2
கடும் பனி. நடந்தோம்.

22-2
கடிதம் வந்தது. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் ஆறு பேருக்கும் வேலை. முத்தம்மாவுக்கு இல்லை.
“எழுதிக் குட்த்துட்டுப் போயேன் சம்பூர்ணம்,” என்றார் வீட்டுக்காரர். “புள்ளைங்களப் பாரு.”
“செல்வி என் வயித்துல இருந்தப்போ இப்படிப் பண்ணியிருந்தா?”
எனக்குப் பயமா? பயந்தான். இருந்தா இன்னா? எழுதித் தர மாட்டேன் — இன்னா தப்பு பண்ணேன்னு எழுதறது?

24-2
ஆறு பேரில் ஒருத்தியும் எழுதிக் கொடுக்கவில்லை.

25-2, ஞாயிறு
கம்பெனிக்கு லீவு. உள்ளே வேலை பார்க்கிறவர்கள் தாங்களாகவே ஏறி வந்தார்கள், நாற்பது பேருக்கு மேல். அத்தனை பேரும் கம்பெனி உடுப்பில். கீழே கம்பெனியை ஒட்டிய மேனேஜர் பங்களா வராந்தாவில் யாரோ எழுந்து நின்று பார்த்தது தெரிந்தது. கடைசியாக என் வீட்டுக்காரர் வந்தார், செல்வியைத் தோளில் வைத்துக்கொண்டு. எங்களோடு நடந்தார்.

2-3
கடிதம். வேலைக்கு வரச் சொல்லி ஏழு பெயரும் இருக்கிறது. மன்னிப்பு என்ற சொல் இல்லை. முத்தம்மாவுக்குப் பிரசவ லீவும் உண்டு.

5-3, திங்கள்
ஏழு மணிக்கு வேலைக்குப் போகவேண்டும். அதனால் முத்தம்மாவின் வாக்கிங்குக்குக் குன்றில் ஐந்தே முக்காலுக்கே ஏறிவிட்டோம்.