ஆறரைக் கட்டை

1977 ஜூன் 11, சனி

மழை. மிளகுக் கிடங்கில் சாக்கெல்லாம் ஈரம் கோத்துவிட்டது. முதலாளி என்னையே முறைத்தார், மழையை நான்தான் வரச் சொன்ன மாதிரி. ஆபீஸ் விட்டதும் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தோப்பும்படிக்கு ஓடினேன். பிச்சைமணியின் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில்தான் எங்கள் பிராக்டிஸ். அவன் டிரம்ஸ், நான் கிட்டார், பேச்சியம்மாள் பாட்டு. லாஸ்ட் போட் குழு என்றால் இந்த மூன்று பேர்தான். எர்ணாகுளத்தில் எங்கே வாசித்தாலும் மட்டாஞ்சேரிக்குக் கடைசி போட்டைப் பிடிக்க ஓடுவதால் வந்த பெயர்.

பேச்சி சுள்ளிக்கல்காரி. அப்பா சங்கரன்கோவில் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். பகலெல்லாம் இறால் உரிக்கும் ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் கை. மாலையில் ஒரு கட்டன் சாயா குடித்துவிட்டு ஐந்து கட்டையில் பாட ஆரம்பித்தாளானால் தெருவில் போகிற ஆட்டோ நிற்கும். அவளுக்குச் சுருதிப் பெட்டி கிடையாது. நான் கிட்டாரில் தட்டும் முதல் கார்டிலிருந்துதான் சுருதி எடுப்பாள். சுருதியை எங்கே வைத்தாலும் அங்கே வந்து நிற்பாள். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான், இருக்கட்டுமே.

1977 செப்டம்பர் 3

கிளப் விழா. சொந்தப் பாட்டு இரண்டு முடிவதற்குள், "சினிமாப் பாட்டு பாடு!" என்று கூச்சல். கடலைத் தொலி பறந்தது. பேச்சி மைக்கிலேயே சொன்னாள்: "சினிமாப் பாட்டுக்குக் கொட்டகைக்குப் போங்க சேட்டா. இது எங்க பாட்டு." பிச்சைமணி சிரித்த சிரிப்பில் குச்சி கைநழுவியது. போட்டில் வரும்போது தலையிலிருந்து தொலி பொறுக்கிக்கொண்டே வந்தோம். இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

1977 டிசம்பர் 18

எர்ணாகுளம் காலேஜ் பிள்ளைகள் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். எங்களிடம்! மதராஸிலிருந்து ரிக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவர் ஜனவரி நிகழ்ச்சிக்கு வருகிறாராம். கிடங்கில் உட்கார்ந்து ரிக்கார்டு உறையில் என் பெயர் எங்கே வரும் என்று யோசித்தேன். வெட்கங்கெட்டவன்.

1978 ஜனவரி 22

நேற்று மைதானம் நிறையக் கூட்டம். யாரோ ஸ்பீக்கர் பக்கத்தில் டேப் ரிக்கார்டர்கூட வைத்திருந்தார்கள். மேடை ஏறுமுன் அந்த மதராஸ்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணு குரல் இன்னும் மேல போகுமா?" என்றார். போகும் சார் என்றேன். அடுத்த நிமிஷம் பேச்சி வந்தாள். "தொண்டை கட்டியிருக்குண்ணே. இன்னைக்கு அஞ்சுக்கு மேல ஏத்திராதீங்க."

"ஆட்டும், அஞ்சுலதான்" என்றேன்.

சொல்லிவிட்டு, சுருதியை ஏற்றும் கிளிப்பைக் கிட்டார் கழுத்தில் மூன்றாவது ஃப்ரெட்டில் மாட்டினேன். அதே விரல், அதே வாசிப்பு, ஆனால் சுருதி ஆறரைக் கட்டை.

முதல் கார்டைத் தட்டினேன். பேச்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எப்போதும்போல அங்கே வந்து நின்றாள். மூன்றாவது பாட்டு, 'கடைசி போட்டு போயாச்சு'. சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் குரல் துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை. நான் நிறுத்தியிருக்கலாம். கையை எடுத்தால் போதுமே — எடுக்கலை. அந்த ஆள் எழுந்து போறானா, இருக்கானான்னு பார்த்துண்டு வாசிச்சேன். பாவி. நான் என்ன ஜென்மம்?

1978 ஜனவரி 24

பேச்சிக்குக் குரலே எழும்பவில்லையாம். தொண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, மாதக்கணக்கில் பேசவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். பிச்சைமணிதான் வந்து சொன்னான். கிளிப் விஷயம் அவனுக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

1978 பிப்ரவரி 12

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு சுள்ளிக்கல் வரை போனேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தாள். அம்மாவிடம் சைகையில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன சொல்லி உள்ளே போவது? திரும்பிவிட்டேன். பழத்தை ஆபீஸ் பியூனுக்குக் கொடுத்தேன்.

1978 ஏப்ரல் 2

மதராஸிலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. வராததில் ஒரு நிம்மதி.

1978 ஜூலை 9

பிச்சைமணி வந்தான். பேச்சிக்குக் குரல் திரும்பிவிட்டது, ஆனால் கரகரப்பு, பழைய உயரம் இல்லை. பிராக்டிஸ் எப்போது என்று அவள் கேட்கிறாளாம்.

"மிளகு சீசன், ஒழிவில்லை" என்றேன்.

"ஜூலைல ஏதுடா மிளகு சீசன்?" என்றான். கிட்டாரைப் பரணில் போட்டாயிற்று.

1981 நவம்பர் 14

தோப்பும்படி பஸ் ஸ்டாப்பில் பேச்சி, இடுப்பில் குழந்தையோடு. நான் சட்டென்று ஐஸ் லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். லாரி கிளம்பிப் போய்விட்டது. நட்ட நடு ரோட்டில் நான். பார்த்தாளா? பார்த்திருப்பாள். ஐயோ, என்ன மானக்கேடு.

1986 ஜூன் 20

கேசட் கடையில் எங்கள் பாட்டு! அன்றைக்கு மைதானத்தில் எவனோ எடுத்த டேப். காலேஜ் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் காப்பி போட்டுக் கேட்கிறார்களாம். கடையில் நின்றிருந்த பையன் சொன்னான்: "அண்ணா, இப்ப ஒரு இடம் வரும் பாருங்கோ, அந்தச் சேச்சிக்குக் குரல் உடையும். மயிர்க்கூச்செடுக்கும்!"

வந்தது. வெளியே ஓடி வந்து ஓடை ஓரம் வாந்தி எடுத்தேன்.

1986 ஜூலை 6

அந்தப் பிள்ளைகள் பிச்சைமணியைத் தேடிப் பிடித்துவிட்டார்கள். லாஸ்ட் போட் மறுபடி வாசிக்க வேண்டுமாம், எர்ணாகுளத்தில் ஒரு ஹாலில். பேச்சி சரி என்றுவிட்டாளாம். "நீதான் பாக்கி" என்றான் பிச்சைமணி. "டா வெங்கிட்டு, நீ எந்து மனுஷன்டா? அவ ஆத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை போனியோ?"

1986 ஜூலை 13

போனேன். பேச்சி வாசலில் மீன் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் "கிளிப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"ஆறரைன்னு முதல் தட்டுலயே தெரியும்ணே. எனக்குக் காது இல்லையா? நானும் நிறுத்தியிருக்கலாம். எனக்கும் அந்த ரிக்கார்டு ஆசை இருந்துச்சு."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கரகரத்த அந்தக் குரலில் கோபம் இன்னும் கனமாகக் கேட்டது.

"தொண்டை ஒரு நாள்ல போச்சு. அழுதேன், விட்டேன். நீங்க வரலியே, அதைத்தான் விட முடியல. குரல் கெட்டுப்போனவ எதுக்குன்னு தள்ளிட்டீங்கன்னு நெனச்சேன். லாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சீங்களே, அன்னைக்கு உறுதியாச்சு."

இத்தனை வருஷம் நான் ஒரு தப்புக்காகக் கூசிக்கொண்டிருந்தேன். அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அதைவிடப் பெரிய தப்பைச் செய்துகொண்டிருந்தது தெரியவே இல்லை. மன்னிச்சுடு என்றேன். "பாக்கலாம்" என்றாள்.

1986 அக்டோபர் 5

நேற்று நிகழ்ச்சி. மேடை ஏறுமுன் கை நீட்டினாள். "அந்தக் கிளிப்பைக் குடுங்க." கொடுத்தேன். பைக்குள் போட்டுக்கொண்டாள். "மூணு கட்டை" என்றாள். கிளிப் இல்லாத வெறும் கிட்டார் கழுத்தில் வாசித்தேன்.

குரல் உடையும் இடத்துக்காக ஹால் முழுதும் காத்திருந்தது. அவள் உடைக்கவில்லை. தாழ்ந்த குரலில், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி, "கடைசி போட்டு போயாச்சு, கரையில நான் மட்டும்" என்று பாடிவிட்டு நிறுத்தினாள். பின்னால் பிச்சைமணி அழுதான். பிறகுதான் கைதட்டல். நான் அவளைப் பார்க்கத் துணியவில்லை.

1986 நவம்பர் 23

ஒர்க்‌ஷாப்பில் பிராக்டிஸ். நல்ல வெயில். சாயா முடிந்ததும் பேச்சி பையிலிருந்து கிளிப்பை எடுத்தாள். நேராக வந்து என் கிட்டாரின் முதல் ஃப்ரெட்டில் அவளே மாட்டினாள்.

"இன்னைக்கு நாலு கட்டை பாப்போம். நான் கையைத் தூக்கினா கிளிப்பை எடுத்துரணும்."

"எடுத்துடறேன்" என்றேன்.

இரண்டாவது சரணத்தில் கையைத் தூக்கினாள். எடுத்தேன்.