வந்துடுச்சுக்கா

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நீ இரவெல்லாம் ரொட்டி அடுப்பு முன்னால், நான் பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவையறையில். ஒரே ஊரில் இருந்தும் முகம் பார்க்க முடியவில்லை. உங்கள் ரொட்டி வண்டிக்காரர் தினமும் இங்கே வருவதால் கடிதமாவது போய்ச் சேருகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ போனில் அனுப்பிய அந்தப் பிட்காயின் பரிசு வீடியோவைப் பார்த்துப் பணம் அனுப்பினேனே, இரண்டு மடங்காகத் திரும்பும் என்றார்களே, இன்னும் வரவில்லை. நேற்று அவர்கள் ஆபீசிலிருந்து ஒருவர் பேசினார். கட்டணம் கட்டினால் உடனே விடுவிப்பார்களாம். நாளை மறுநாள் சங்கிலியை விற்றுக் கட்டப் போகிறேன். உனக்கு வந்துவிட்டதே, அந்தத் தைரியம்தான். வந்ததும் நாம் போட நினைத்திருக்கும் சலவைக் கடைக்கு முன்பணம் கொடுத்துவிடலாம்.

உன் அக்கா

மார்ச் 4

அக்காவுக்கு,

சங்கிலியை விற்காதே. எனக்கு எதுவும் வரவில்லை.

வீடியோவை அனுப்பும்போது நானும் நம்பிப் பணம் போட்டிருந்தேன். "உனக்கு வந்துச்சாடா?" என்று நீ கேட்பதற்குள் ஏமாந்தது தெரிந்துவிட்டது. ஆனாலும் "வந்துடுச்சுக்கா" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவசரக்குடுக்கை என்று இன்னொரு முறை உன்னிடம் பேச்சு வாங்க மனசில்லை. நீ பணம் போட்டது தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லையே, அதற்கு என்ன சொல்வேன்?

வீடியோவில் பேசிய பணக்காரர் முகமே போலியாம். முதலில் நம்மை அனுப்பச் சொன்னால் அது பரிசே இல்லை. கட்டணம் கேட்பவனும் அதே கூட்டம்தான், என்னிடமும் பேசினான். போனில் சொல்லலாம் என்றால், உன் குரலைக் கேட்டதும் மறுபடி பொய்தான் வரும். என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, சங்கிலியைக் கழற்றாதே.

உன் தம்பி

மார்ச் 5

தம்பிக்கு,

சங்கிலி கழுத்தில்தான் இருக்கிறது. படித்ததும் உன்னை நாலு அறை அறையலாம் போலிருந்தது. அந்தப் பணக்காரனை யாரடா நம்பினது? நான் உன்னை நம்பினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இங்கே இஸ்திரி போடுகிறவள் பணம் அனுப்பத் தயங்கினாள். "என் தம்பிக்கு வந்துடுச்சு, நானே கண்ணால பார்த்தேன்" என்றேன். எங்கே பார்த்தேன்? சும்மா சேர்த்துச் சொன்னேன். அவளும் அனுப்பிவிட்டாள்.

இன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டணம் எதுவும் கட்டிவிடாதே என்றும் சொன்னேன். அவள் இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

கடைப் பேச்சை இப்போது எடுக்காதே. முதலில் அவள் பணத்தை இருவருமாகச் சேர்ந்து அடைப்போம். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். நீயும் வா. தனியாக அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

அக்கா