பூட்டி வைத்த பாதி

12 நவம்பர் 1986

இன்று குளிரறையில் ஒரு பிழை விட்டேன். துருவத்தில் துளைத்து எடுத்துவரும் பனிக்கட்டித் தண்டுகளை இங்கே நீளவாக்கில் இரண்டாக அறுப்போம். ஒரு பாதி ஆய்வுக்குப் போகும். மற்றப் பாதியை யாரும் தொடாமல் பூட்டி வைக்க வேண்டும். நான் அந்தப் பூட்டி வைத்த பாதியைத் தூக்கி அறுக்கும் வாள் மேசையில் வைத்துவிட்டேன்.

பொறுப்பாளர் ஹெல்கா ஓடிவந்து தடுத்தார். ஏசவில்லை. "அது பிறகு வருபவர்களுக்கு. எத்தனை வருடம் போனாலும் அப்படியே இருக்கும்," என்றார்.

வெளியே வந்து கையுறை கழற்றும்போது, கூட வேலை செய்யும் யோகன் அண்ணை கேட்டார்.

"என்ன தம்பி, யோசனை எங்கை?"

"வீட்டிலயிருந்து கதைச்சுப் பதிஞ்ச கசெற் வந்தது அண்ணை."

"எல்லாரும் சுகமோ?"

"ஓம்."

கையுறையை மாட்டிவிட்டு என் அறைக்கு வந்துவிட்டேன்.

இப்போதும் கசெற் ஓடுகிறது. முதற் பக்கத்தில் மகள் முன்பல் விழுந்த வாயால் காற்றுப்போகப் பேசுகிறாள். மறுபக்கம் அவர்கள் பிறகொரு நாள் பதிந்தது. அதில் பல் முளைத்துவிட்டது. சொல்லெல்லாம் திருத்தமாக வருகிறது. "அப்பா, எப்ப வாறியள்?" என்று பெரிய பிள்ளை போலக் கேட்கிறாள்.

நான் முதற் பக்கத்தையே திருப்பித் திருப்பிப் போடுகிறேன்.