சாராளின் மறதி நோட்டு

காவேரிப்பட்டினம்
8.6.2024

கர்த்தருக்குள் அன்பான மகள் கெசியாவுக்கு அம்மா எழுதுவது. அவர் கிருபையால் இங்கே சுகம். போனில் நீ சொல்வது மனதில் தங்க மாட்டேன் என்கிறது. கடிதமென்றால் திரும்பப் படித்துக்கொள்வேன்.

கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்த பிறகுதான் இந்த மறதி. உன் லேபில் எலிகளுக்கு வல்லாரைச் சாறு கொடுக்கிறீர்களாமே, நானும் தினம் அரை டம்ளர் குடிக்கிறேன். டாக்டர் தந்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை நிறுத்திவிட்டேன். கர்த்தர் முளைப்பித்த கீரை இருக்க, அது எதற்கு? மறந்ததையெல்லாம் தேதிவாரியாக நோட்டில் எழுதுகிறேன். முதல் வாரம் பதினொன்று, இந்த வாரம் நான்கு! உன் லேப் சாரிடம் சொல்.

ஜெபத்துடன்,
சாராள்

பெங்களூரு
15.6.2024

அன்பு அம்மா,

மாத்திரையை நீயாக நிறுத்தியது தப்பும்மா. சினைப்பை எடுத்த எலிகளில் சிலவற்றுக்குச் சாறு, சிலவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன், சிலவற்றுக்கு இரண்டும், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. ஞாபகத்துக்கு வேண்டிய ஒரு பொருளை மூளையில் ஒரு நொதி உடைக்கிறது. அதன் வேகம் குறைகிறதா என்று பார்க்கிறோம். இன்னும் முடியவில்லை. முடிந்தாலும் அது எலியின் கணக்குத்தான்.

ஓசூரில் நரம்பு டாக்டரைப் பார்ப்போம், வா. இன்னொன்று: எந்த எலிக்கு என்ன கொடுத்தோம் என்று தெரியாதவர்தான் இங்கே ஞாபகச் சோதனையில் அதன் தவறுகளை எண்ணுவார். உன் நோட்டை நீயே எழுதுகிறாய். அப்பாவையும் தனியாக எழுதச் சொல்.

கெசியா

காவேரிப்பட்டினம்
2.7.2024

அன்பு மகளே,

போச்சம்பள்ளி கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா தினமும் காலண்டரில் குறித்தார். போன வாரம் என் நோட்டில் ஒன்றுமில்லை. பக்கத்தின் அடியில் ஸ்தோத்திரம் என்றுகூட எழுதியிருந்தேன். அவர் காலண்டரில் பதினேழு.

"இதெல்லாம் எப்பங்க?" என்றேன்.

"அடுப்ப எரியவுட்டுட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போயிட்ட சாராளு. நாந்தான் வந்து அணைச்சேன். கேட்டா நீ வெசனப்படுவியேன்னு வுட்டுட்டேன்" என்றார்.

எழுத மறந்ததை நான் எந்தப் பக்கத்தில் எழுதுவேன்? டாக்டரிடம் கூட்டிப் போ. ஒன்றும் கொடுக்காத அந்த எலிகளுக்காக ஜெபிக்கிறேன்.

இந்தக் கடிதம் முன்பே வந்திருந்தால் மறைக்காமல் சொல்.

சாராள்

பெங்களூரு
12.7.2024

அம்மா,

மறைக்கவில்லை. இதே கடிதம் இதோடு மூன்று வந்துவிட்டது, மூன்றிலும் ஒரே தேதி. டாக்டரிடம் காட்ட மூன்றையும் எடுத்துவைத்திருக்கிறேன். 20ஆம் தேதி சனிக்கிழமை காலையில் நானே வந்து கூட்டிப்போகிறேன். அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

மூன்றிலும் நீ எலிகளை மறக்கவில்லை அம்மா.

கெசியா