சிலேட்டில் உன் பக்கம்

அக்கா,

இன்று என் வகுப்புப் பிள்ளைகள் சிலேட்டைத் துடைக்க வேலியோரத்துக் கோவை இலையைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸின் செங்கல் தூசிக்கும் ரயில் கரிப்புகைக்கும் நடுவே அந்தக் கொடி எப்படித்தான் பிழைத்ததோ தெரியவில்லை. ஒரு பிள்ளையின் சிலேட்டை வாங்கிப் பார்த்தேன். பச்சை வாசம் கையில் ஏறிக்கொண்டது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதே வாசம். சரி, வந்துவிட்டாய், எழுதாமல் விடமாட்டாய் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீ வந்த காரணமும் தெரியும். ஆங்கிலப் பள்ளியில் இலவசமாகப் படிக்க எங்கள் தமிழ்ப் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளைக்கு இடம் தருகிறார்களாம். கெட்டிக்காரப் பிள்ளை யாரென்று பார்த்து நாளை மாலைக்குள் பெயர் கொடு என்று எங்கள் தலைமையாசிரியை, பெரிய மிஸ், என்னிடம் சொல்லியிருக்கிறார். போயும் போயும் என்னிடம்! நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

கிள்ளானுக்கு அப்பால் நம் ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்கிறேன். ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒன்றாக. வீட்டுக்கு ஒரு சிலேட்டு, அதைத் துடைக்க இதே கோவை இலை. அக்காள் ஒரு பக்கம் கணக்குப் போட்டு முடித்ததும் திருப்பித் தங்கையிடம் கொடுப்பாள். தங்கை மறுபக்கம் எழுதுவாள். கீழே கவிழ்த்தால் அழிந்துவிடும் என்பதால் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நம் எல்லோருக்கும் அது சோறு தின்பதுபோலப் பழக்கம். வெளியாட்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

வெள்ளைக்கார மிஸ் மோட்டார் வண்டியில் வந்து இறங்கிய அன்று நீ காலையிலேயே அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போய் பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்துவிட்டு வந்திருந்தாய். ரப்பர்ப்பால் உன் நகக்கண்ணில் காய்ந்து கறுத்திருந்தது. டவுன் பள்ளியில் தங்கிப் படிக்க ஒரு கெட்டிக்காரப் பெண் வேண்டும் என்றார்கள். வாத்தியார் பெரிய வகுப்புக்கு ஒரு நீண்ட வகுத்தலும் சின்ன வகுப்புக்கு ஒரு கூட்டலும் பலகையில் எழுதினார். நீ எப்போதும்போல முதலில் முடித்தாய். விடையிலிருந்து பின்னோக்கிப் பெருக்கிச் சரிபார்த்து, மூலையில் ஒரு சின்ன வட்டம் போட்டு, சிலேட்டை என்னிடம் தள்ளினாய். நான் விரலை மடக்கி மடக்கி என் கூட்டலைப் போட்டேன்.

மிஸ் வரிசையாக வந்தார். என் மடியிலிருந்து சிலேட்டை எடுத்துப் பார்த்தார். திருப்பினார். அவர் கண்கள் விரிந்தது இன்னும் நினைவிருக்கிறது. கூட வந்த, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தமிழில் கேட்டார்.

"இந்தப் பொடிசா ரெண்டு கணக்கும் போட்டுச்சு?"

வாத்தியார் வாயைத் திறந்தார். நீ முந்திக்கொண்டாய்.

"ஆமாங்கையா, அவதான். அவளுக்கு எல்லாம் வரும்."

நான் உன்னைப் பார்த்தேன். நீ என் தொடையில் கிள்ளினாய். வாத்தியார் உன்னை ஒருமுறை பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். மிஸ்ஸுக்கு இன்னும் வேறு தோட்டங்களுக்குப் போக வேண்டியிருந்தது. வெயிலில் முகமெல்லாம் சிவந்திருந்தது. என் கன்னத்தைத் தட்டினார். அவ்வளவுதான், என்னைக் கெட்டிக்காரி ஆக்கிவிட்டார்கள்.

கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் நான் அழுதேன். "நீதானே போட்ட? ஏன் பொய் சொன்ன?" என்றேன். நீ நடையை நிறுத்தவே இல்லை.

"எனக்கு எடம் கெடச்சா அப்பா அனுப்புவாரா? மங்கு தொடைக்க ஆளு வேணும்ல. நீ வீட்டுல இருந்தாலும் சோத்துக்குத்தான் கேடு, ஒன்ன விட்டுருவாரு. நீ போ. அங்க என்ன கணக்கு சொல்லித்தராங்களோ, எனக்கும் சேத்துக் கொண்டா."

வகுத்தலைவிடப் பெரிய கணக்கை நீ அந்தக் கொட்டகையில் உட்கார்ந்த இடத்திலேயே போட்டு முடித்திருந்தாய் என்பது எனக்குப் புரிய வருடங்கள் ஆயின.

டவுன் பள்ளியில் நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அந்த மிஸ்ஸே எனக்குக் கணக்கு வாத்தியாராக வாய்த்தார். என் விரல்களைப் பார்ப்பார், என் முகத்தைப் பார்ப்பார். "அன்றைக்கு எப்படிப் போட்டாய்?" என்று கேட்பார். உண்மை தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் திரும்பி வந்தால் உனக்கும் கணக்கு வராது. அதற்காகவே முட்டி மோதிப் படித்தேன்.

விடுமுறைக்கு வந்தால் மூட்டையைக்கூட இறக்கவிடமாட்டாய். "எங்க, கொட்டு பாப்போம்" என்பாய். எனக்குப் பாதி விளங்கியதையும் விளங்காததையும் சொல்லச் சொல்ல, நீ அடுப்புக்கரியால் சுவரில் போட்டுக்கொண்டே போவாய். பின்னங்களும் தசமமும் எனக்கு உன்னிடம்தான் புரிந்தன. அம்மா வந்து தலையில் அடித்துக்கொள்வாள். "அடியே, சொவரு என்ன சிலேட்டாடி?" நீ அதற்கும் அசையாமல் மூலையில் வட்டம் போடுவாய்.

பிறகு, தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடும் வித்தையைச் சொல்லித்தந்தார்கள். இதைக் கேட்டால் நீ குதிப்பாய் என்று ரயிலில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். லயத்து வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். மலைக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. எனக்குச் சொல்லி அனுப்பக்கூட ஆளில்லை. உள்ளே போனேன். சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். ஈரம் காயாத ஒரு மூலையில் மட்டும் உன் வட்டம் மங்கலாகத் தெரிந்தது. நான் அதற்கு எதிரே உட்கார்ந்து, கொண்டுவந்த கணக்கை முழுக்கச் சொல்லி முடித்தேன். உன்மேல் எனக்கு அன்று துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். என்னை அனுப்பிவிட்டு நீ பாதியில் எழுந்து போனால் எப்படி?

இன்றும் கணக்கு நோட்டுத் திருத்தினால் மூலையில் வட்டம்தான் போடுகிறேன். சில நாள் ஒரு பிள்ளையின் பக்கத்தைத் திருப்புவேன்; நான் இன்னும் பார்க்காத கணக்கின் ஓரத்தில் வட்டம் இருக்கும். நான் போட்டு மறந்ததுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கெட்டிக்காரப் பிள்ளையைப் பொறுக்கும் முறை அன்றைக்கும் இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை, அக்கா. எழுப்பி நிறுத்திக் கேட்பார்கள். பட்டென்று சொன்னவள் கெட்டிக்காரி. தலைவாரிப் பொட்டு வைத்து வந்தவள் இன்னும் கெட்டிக்காரி. இப்போது பிள்ளைக்கு ஒரு சிலேட்டு உண்டு. ஆனாலும் எதை வாங்கினாலும் என் கை தானாகத் திருப்பிப் பார்க்கிறது. இன்று பாக்கியம் என்ற சிறுமியின் சிலேட்டையும் திருப்பினேன். வகுப்பில் எல்லோரையும்விட நன்றாகப் போட்டிருந்தாள்.

"பின்னால ஒண்ணும் இல்ல மிஸ்" என்றாள், பயந்துபோய்.

"யார் சொல்லிக்கொடுத்தது உனக்கு?"

"எங்கக்கா மிஸ். தொர வீட்டுல புள்ள பாத்துக்கப் போவுது. வந்து வீட்டுல எங்கூட கணக்கு போடும். பள்ளிக்கூடத்துக்கெல்லாம் வராது."

"நாளைக்குக் காலையில் அக்காவையும் கூட்டிக்கொண்டு வா" என்றேன்.

பெரிய மிஸ் ஓர் இடம்தான் என்பார். அந்த வீட்டில் ஓர் அப்பா இருப்பார். எல்லாம் தெரியும். அந்தப் பெண் வாசலில் வந்து நிற்கும்போது உன் முகமாக இருந்துவிடுமோ என்றுகூடப் பயமாக இருக்கிறது. ஆனாலும் இரண்டு சிலேட்டு எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அவள் தங்கையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவதான் மிஸ், அவளுக்கு எல்லாம் வரும்" என்று சொல்வாள். இந்த முறை நான் நம்பப்போவதில்லை, அக்கா.