முதல் பந்தியில் நீ இல்லை

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் போட்டோ கொப்பிக் கடையில் நேற்று என் பெறுபேற்றுத் தாளைப் பிரதி எடுத்தேன். வேலையை நிரந்தரமாக்குவதற்கு அலுவலகத்தில் அதைக் கேட்டிருந்தார்கள். கடைக்காரப் பெண் இயந்திரத்திலிருந்து வந்த தாள்களை அப்படியே எடுத்து என் கையில் வைத்தாள். சூடு ஆறாத தாள்கள். அவற்றிலிருந்து எழுந்த மைத்தூள் மணத்தோடு நீ வந்து பக்கத்தில் நின்றாய். எத்தனை தடவை இந்தத் தாளை இப்படிச் சூட்டோடு வாங்கியிருப்போம்! வெளிநாட்டில் படித்துப் பட்டம் எடுத்து வந்த பிறகும், அந்தப் பழைய மதிப்பெண்கள் என்னை விடுவதாக இல்லை.

நீ போன பிறகு உனக்கு எதுவும் எழுதியதில்லை. இப்போது எழுதத் தோன்றுகிறது.

பெறுபேறுகள் வந்த நாளில் எனக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பின் கீழ்நிலை. உனக்கு அதுகூட இல்லை, வகுப்பு எதுவுமில்லாத வெறும் சித்தி. மற்றவர்கள் அழுதார்கள் அல்லது வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். நீ அறிவித்தல் பலகைக்கு முன்னால் நின்று, "எடி, நாங்கள் ரெண்டு பேரும் ஒருதரையும் பொறாமைப்பட வைக்கேல்லை. அது ஒரு புண்ணியம்" என்றாய். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, உன்னைக் கோபிக்கவும் முடியவில்லை.

உன் மதிப்பெண்கள் ஏன் விழுந்தன என்று எனக்குத் தெரியும். கடைசி யுத்தத்தில் உன் அண்ணை காணாமல் போனார். பருத்தித்துறையில் உன் அப்பா அதன் பிறகு கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். அம்மா அண்ணையின் படத்தோடு ஊர் ஊராகப் போகத் தொடங்கினா. பரீட்சைக் காலங்களில் வீட்டில் சமைத்தது நீ. என் கதை அப்படியல்ல. கோப்பாயில் மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, ஞாயிறு தவறாமல் தேவாலயம், நேரத்துக்குச் சாப்பாடு, மேசை விளக்கு. எல்லாம் இருந்தும் எனக்குப் பாடம் மெதுவாகத்தான் ஏறியது. அதுவரை தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் இரசாயனம் கேட்டபோது, விரிவுரை முடிந்து மற்றவர்கள் கன்ரீனில் தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில்தான் முதல் வசனம் எனக்கு விளங்கும்.

பட்டம் முடித்த பிறகு நிலத்தடி நீர் ஆய்வுத் திட்டம் ஒன்றில் இருவருக்கும் தற்காலிக வேலை கிடைத்தது. கோப்பாயிலிருந்து புத்தூர் வரை தோட்டக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து உப்பு அளக்க வேண்டும். உன் ஸ்கூட்டியில் நான் போத்தல்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் இருப்பேன். அந்த வேலையில்தான் எங்களுக்கு மேற்படிப்பு ஆசை வந்தது. ஒரே தோட்டத்தில், ஒரே வரிசையில் இருக்கும் கிணறுகளில் ஒன்றின் தண்ணீர் இனிக்கிறது, அடுத்தது உவர்க்கிறது. ஏன் என்று கேட்டால் திட்டத்தில் யாருக்கும் முழுப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வி உன்னை விடவில்லை. நீ என்னை விடவில்லை.

ஆனால் புலமைப்பரிசில் தருகிற இடமெல்லாம் எங்களிடம் இல்லாத ஒன்றையே முதலில் கேட்டது. இரண்டாம் வகுப்பு மேல்நிலை. சிபாரிசுக் கடிதம் கேட்டுப் போனபோது எங்கள் விரிவுரையாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"உந்த மார்க்ஸோடை ஏன் பிள்ளையள் மினக்கெடுறியள்? கடிதம் தாறன். நம்பிக்கை தரமாட்டன்."

"கடிதம் மட்டும் காணும் சேர்" என்றாய் நீ.

வேலை முடிந்த பின்னேரங்களில் விண்ணப்பங்கள் எழுதினோம். ஆங்கிலப் பரீட்சைக்குக் கொழும்புக்குப் போய் வந்தோம். பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன, எல்லாம் ஒரே மாதிரி. ஒருநாள் பஸ் நிலையத்தில் ரோல்ஸ் தின்றுகொண்டே உன் கைப்பேசியில் வந்ததை வாசித்துவிட்டு, "இவைக்கும் மிகுந்த வருத்தமாம். உவ்வளவு வருத்தமெண்டா ஏன் தராமல் விடினம்?" என்று கேட்டாய். சிரித்தோம். மறுப்பு வந்தால் அழுகை வரும் என்றுதான் நினைத்திருந்தேன். களைப்புத்தான் வந்தது. வெயிலில் நின்று வந்த களைப்பு மாதிரியில்லை. அது தூங்கினாலும் போகாத களைப்பு.

வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்கிற ஒருவரிடம் போனது அதற்குப் பிறகுதான். டவுனில் குளிரூட்டிய சின்ன அறை. எங்கள் தாள்களைப் பார்த்துவிட்டு அவர் அன்பாகத்தான் பேசினார்.

"தங்கச்சி, மார்க்ஸ் குறைஞ்சதுக்கு ஒரு காரணம் வேணும். வீட்டிலை ஆரும் செத்தவையோ? காணாமல் போனவையோ?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ, "ஓம். என்ரை அண்ணை" என்றாய்.

"பாத்தீங்களோ! அதை முதல் பந்தியிலை போடுங்கோ. வாசிக்கிற வெள்ளைக்காரர் உருகிப் போவினம்."

நீ தாள்களை அடுக்கி உறைக்குள் வைத்தாய். குரல் உயரவில்லை.

"ஐயா, எங்கடை அம்மா அண்ணையின்ரை படத்தைப் பிடிச்சுக்கொண்டு ரோட்டிலை நிக்கிறா. அது காணும். அவரை வைச்சு நான் கம்பஸிலை சீற் கேக்கேலாது."

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. நீ ஸ்கூட்டியின் இருக்கையைத் திறந்து உறையை உள்ளே வைத்தாய். பிறகு என்னிடம் திரும்பி, "சரி, உனக்கு ஏன் மார்க்ஸ் குறைஞ்சது?" என்று கேட்டாய்.

"எனக்கு விளங்க நேரம் எடுக்கும். விளங்கினா மறக்கமாட்டன்."

"அப்ப அதை அப்பிடியே எழுது."

அதன் பிறகு பொதுவான விண்ணப்பங்களை நிறுத்திவிட்டு, உவர் நீர் பற்றி ஆராய்கிற பேராசிரியர்களுக்கு நேரடியாக எழுதத் தொடங்கினோம். மதிப்பெண்களைக் கடைசியிலும் கிணறுகளை முதலிலும் வைத்தோம். பெரும்பாலானோர் பதில் போடவில்லை. ஒரு அம்மையார் போட்டார். உதவிப்பணத்தோடு ஒரே ஒரு இடம் இருப்பதாகவும், இருவரோடும் காணொளியில் பேச விரும்புவதாகவும் எழுதியிருந்தார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் மடிக்கணினிக்கு முன்னால் ஒருவர் பின் ஒருவராக இருந்து பேசினோம். அவர் உன்னிடம் யுத்தத்தைப் பற்றிக் கேட்டார். மன்னிக்க வேண்டும், அதைப் பற்றிப் பேச விரும்பவில்லை, கிணறுகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள் என்று உன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாய். சமையலறையில் நின்ற என் அப்பா, "கெட்டிக்காரி" என்று முணுமுணுத்தார்.

இடம் உனக்குக் கிடைத்தது. எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். ஆனால் வலியைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி இருந்தது. எங்கள் இருவரில் ஒருவரையாவது அந்தத் தாளுக்கு அப்பால் யாரோ பார்த்துவிட்டார்கள்.

வீசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் உன் நெஞ்சு எக்ஸ்றே படத்தில் நிழல் ஒன்று தெரிந்தது. மீண்டும் எடுக்கச் சொன்னார்கள். பிறகு ஸ்கான், பிறகு சதை எடுத்துப் பரிசோதனை. மாதக்கணக்காக விடாத உன் இருமலைத் தோட்டத்துத் தூசி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அது தூசியில்லை. நீ விமானத்தில் ஏறியிருக்க வேண்டிய மாதத்தில் புற்றுநோய்ப் பிரிவில் கட்டிலில் இருந்தாய்.

ஆஸ்பத்திரியில் ஒருநாள், உன் அம்மா தேநீர் வாங்கப் போயிருந்த நேரம், என்னைக் கிட்டக் கூப்பிட்டாய்.

"அந்த மனிசிக்கு எழுதினனான். என்ரை இடத்தை உனக்குத் தரச்சொல்லி. அவையின்ரை சட்டம் விடாதாம். நீ திரும்ப முதலிலையிருந்து அப்ளிக்கேசன் போடவேணுமாம்."

"இப்ப ஏன் அது? நீ சுகமாகி நீயே போவாய்."

நீ அதைக் காதில் வாங்கவில்லை. உதடு கோணி உன் பழைய சிரிப்பு வந்தது. "ஆனா இனி உனக்கும் ஒரு காரணம் இருக்கு. நான் போனா உன்ரை முதல் பந்தி றெடி" என்றாய். சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவ வேண்டியிருந்தது.

அது அனுமதியா, எச்சரிக்கையா, வெறும் பகிடியா? அன்றைக்குக் கேட்டிருக்கலாம். நான் அழுதுகொண்டிருந்தேன்.

உன்னை எடுத்துப் போன நாளில் பெண்கள் நாங்கள் வாசல் படலையோடு நின்றுவிட்டோம். பறைச் சத்தம் கடற்கரைப் பக்கமாகப் போய்த் தேயும்வரை உன் அம்மா என் கையை விடவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சில வாரங்களில், சிறியதொரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் புலமைப்பரிசில் அறிவித்தல் கண்ணில் பட்டது. விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். முதல் பந்தி தானாக வந்தது. நீ, ஸ்கூட்டி, கிணறுகள், நெஞ்சுப் படம், ஆஸ்பத்திரிக் கட்டில். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஆங்கிலம் நான் எழுதியதில்லை. இதை வாசிக்கிற யாரும் இடம் தராமல் விடமாட்டார்கள் என்று தெரிந்தது.

இரண்டாம் முறை வாசித்தபோது அதில் நீ இல்லை. சாகிறதைத் தவிர வேறு வேலையில்லாத ஒரு நல்ல பெண் இருந்தாள். அதோடு, என் மதிப்பெண்கள் விழுந்தது நீ நோயில் விழுவதற்கு எவ்வளவோ முன்பு. உன்னை நான் எதற்குக் காரணம் காட்டப் போகிறேன்? பந்தியை முழுவதாக அழித்தேன். வெறும் திரை என்னைப் பார்த்தது. எனக்கு விளங்க நேரம் எடுக்கும் என்று தொடங்கி, கிணறுகளைப் பற்றி எழுதி அனுப்பினேன். இரண்டாவது பந்தியிலும் நீ இல்லை, கடைசியிலும் இல்லை.

இடம் தந்தார்கள். ஏன் தந்தார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஒருவேளை அந்த வருடம் வேறு யாரும் கேட்கவில்லையோ என்னவோ. போனேன். குளிர்ந்தது. படித்தேன். அங்கேயும் நடுத்தரமான மதிப்பெண்கள்தான். திரும்பி வந்து இங்கே குடிநீரைப் பரிசோதிக்கிற வேலையில் சேர்ந்தேன். அந்தக் கிணறுகளுக்கு இன்னும் பாதிப் பதில்தான் என்னிடம் இருக்கிறது. ஒரு பெரிய வெற்றியைச் சொல்லி இந்த மடலை நிமிர்த்த ஆசைதான். இல்லாததை எங்கே போய் எடுப்பது?

பருத்தித்துறைக்கு இடைக்கிடை போகிறேன். போன முறை உன் அம்மா திடீரென்று சிரித்தா. "உனக்குத் தெரியுமே பிள்ளை? கடல்காரன்ரை பெட்டை, ஆனா வள்ளத்திலை ஏத்தினா தலைசுத்திச் சத்தி எடுப்பாள். தேப்பன் கரையிலை இறக்கிவிட்டிட்டுத்தான் போவார்." இத்தனை வருடப் பழக்கத்தில் அதை நீ எனக்குச் சொன்னதேயில்லை, கள்ளி. நானும் சிரித்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று சொன்னா, நான் ஒன்று சொன்னேன். இருட்டும்வரை இருந்தோம்.

அந்த வீட்டில் உன்னைச் சொல்லி யாரும் எதையும் பெறப் போவதில்லை. பேசப் பேச நீ வளர்ந்துகொண்டே போகிறாய். அப்படியே வைத்திருக்கிறேன் உன்னை, ஒன்றுக்கும் காரணமாக இல்லாமல்.